மண்சரிவுக்குப் பிறகு மலையகத்துக்கு உணவு கொண்டுபோதல்: யாழ்ப்பாணத்துக் குழுக்கள் கேட்கும் கேள்விகள்

மலையில் மண் சரிந்தது என்று செய்தி வந்த உடனே யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் சாமான் சேரத் தொடங்கிவிடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தயில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலை முழுக்கச் சரிந்தது. கொடுக்கிற மனதுக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் குறைவில்லை. லொறி நிற்கிற இடத்துக்கும் லயத்து வாசலுக்கும் இடையில் கிடக்கும் நாலைந்து கிலோமீற்றரில்தான் அந்த மனது வீணாகிறது. அந்தத் தூரத்தை நினைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, பாதை அறுந்த மலையூர்களுக்கு உணவு ஏற்றிய விதத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதையும் தேவையான இடங்களில் சேர்த்திருக்கிறோம்.

மண் சரிஞ்ச அண்டைக்கே லொறியை அனுப்பினால் நல்லதுதானே?

இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் அந்தப் பாதைகள் மீட்புப் படைக்கும் அம்புலன்சுக்கும் மண்வெட்டும் இயந்திரங்களுக்கும் வேண்டும். ஒரு வளைவில் உங்கள் லொறி மாட்டினால் பின்னால் வருகிற எல்லாம் நின்றுவிடும். அந்த நாட்களில் சமைத்த சாப்பாடு பக்கத்து நகரத்திலிருந்தும் பிரதேச செயலகத்திலிருந்தும் போகும்.

நீங்கள் அந்த மூன்று நாளையும் தகவல் எடுக்கவும் கொள்வனவு செய்யவும் பொதி கட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பஞ்சம் பிறகுதான் வரும். முதல் கிழமை சாமான் குவியும், மூன்றாம் கிழமை ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஏலாத நாளுக்குப் பேர், அதாவது நாட்சம்பளப் பதிவு, விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பாதையும் மலையும் மூடிக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் வீட்டில் காசு குறைந்துகொண்டே போகும். ஆகவே இருக்கிற பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை நாலாம் அல்லது ஐந்தாம் நாளும் மற்றதை மூன்றாம் கிழமையும் அனுப்புங்கள்.

ஆரோட கதைச்சுப்போட்டு வெளிக்கிட வேணும்?

குறைந்தது மூன்று பேரோடு கதையுங்கள். அந்தப் பிரிவின் கிராம அலுவலர் அல்லது பிரதேச செயலகத்து அனர்த்த நிவாரண அலுவலர் ஒருவர். தோட்டத்து நலன்புரி அலுவலர் ஒருவர். அந்த டிவிசனுக்குள்ளேயே (தோட்டத்தின் உட்பிரிவு) இருக்கிற ஒருவர், தோட்டத் தலைவரோ பாடசாலை ஆசிரியரோ முன்பள்ளி ஆசிரியையோ. ஒருவரை மட்டும் நம்பினால் அவருக்குத் தெரிந்த பக்கம் மட்டுமே சாமான் போகும்.

கேட்க வேண்டியவை இவை. எத்தனை குடும்பம், எத்தனை தலை? எங்கே தங்கியிருக்கிறார்கள், முகாமிலா, உறவினர் வீட்டிலா, இன்னும் லயத்திலா? அடுப்பும் சட்டி பானையும் இருக்கிறதா? எந்த அளவு வாகனம் எந்த இடம் வரைக்கும் போகும்? அங்கேயிருந்து நடை எத்தனை மணித்தியாலம்? வேறு யார் என்ன கொடுத்துவிட்டார்கள்? பக்கத்துக் கடையில் அரிசி மா இருக்கிறதா?

பட்டியலில் ஒரு பொறி உண்டு. தோட்டத்து நிர்வாகத்திடம் இருப்பது பதிவுத் தொழிலாளர் பட்டியல். அதே லயத்தில் இருந்துகொண்டு வெளியே கூலி வேலைக்குப் போகிறவர்களும், ஓய்வு பெற்ற முதியவர்களும், மணம் முடித்து அதே காம்பராவில் (லயத்து அறையில்) தனி அடுப்பு வைத்திருக்கும் இளம் குடும்பங்களும் அதில் இருக்கமாட்டார்கள். ஒரு காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம் இருப்பது சாதாரணம். ஆகவே லயத்தையோ கதவையோ எண்ணாமல் அடுப்பை எண்ணச் சொல்லுங்கள். அதற்கு மேல் நூற்றுக்கு ஐந்து பொதி கூடுதலாக எடுத்துப் போங்கள். 300 அடுப்புக்கு 315 பொதி.

ஒரு பொதிக்குள்ள என்ன என்ன, எவ்வளவு?

பேரிடர் நிவாரணத்தில் உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு, ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,100 கிலோகலோரி. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏழு நாளுக்கு இப்படி வைக்கலாம்:

அரிசி 8 கிலோ
கோதுமை மா 3 கிலோ
மைசூர்ப் பருப்பு 2 கிலோ
தேங்காயெண்ணெய் 750 மில்லிலீற்றர்
சீனி 500 கிராம்
சமபோஷ போன்ற சத்துமா 500 கிராம்
நெத்தலிக் கருவாடு 500 கிராம்
சோயாமீற் 90 கிராம் பைக்கற் 4
உப்பு 400 கிராம், அயடீன் சேர்த்தது
சின்னவெங்காயம் 1 கிலோ
மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், தேயிலை எல்லாம் சேர்த்து 250 கிராம்

மொத்தம் ஏறத்தாழ 17 கிலோ. சக்தி ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரியைத் தொடும். இந்த எடையை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிற கணக்கெல்லாம் இதில்தான் நிற்கிறது.

அரிசி மட்டும் 20 கிலோ கொடுத்தால் பார்ப்பதற்குப் பெரிதாக இருக்கும். ஆனால் எண்ணெயும் பருப்பும் இல்லாத சோறு பிள்ளைகளுக்குக் காணாது. எண்ணெய் சுமக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் அரிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தரும். தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய இடத்தில் அது பெரிய இலாபம். மாவை விடாதீர்கள். தோட்டத்து வீடுகளில் காலையில் ரொட்டிதான், மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதுதான். ஒரு தாச்சியும் கொஞ்ச விறகும் இருந்தால் ரொட்டி சுட்டுவிடலாம், சோற்றுக்குத் தண்ணீர் கனக்க வேண்டும்.

பருப்புக்குப் பதிலா கடலை, பயறு குடுத்தா என்ன? ஒரு முதலாளி இரண்டு மூட்டை தாறன் எண்டவர்.

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் குறையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். யாழ்ப்பாணத்தில் முக்கால் மணித்தியாலத்தில் அவிகிற கடலை அங்கே இன்னும் நெடுநேரம் கிடக்கும், குக்கரும் இருக்காது, விறகும் நனைந்திருக்கும். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே சீக்கிரம் அவியும். அந்த இரண்டு மூட்டையையும் அன்போடு வாங்கி, பெரிய அடுப்பு வைத்திருக்கும் பொதுச் சமையலுக்குக் கொடுங்கள்.

பால்மா வைக்கேல்லையே, மறந்துபோனீங்களோ?

மறக்கவில்லை. நிவாரணப் பொதியில் தனிப் பால்மாவும், குழந்தைப் பால்மாவும், சூப்பிப் போத்தலும் வைக்கக்கூடாது. கலங்கிய தண்ணீரில், கழுவாத போத்தலில் கரைத்த பால் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டத்தைத் தரும். முகாமில் குழந்தைகளுக்கு வருகிற மிக ஆபத்தான நோய் அதுதான். இலவசமாக மா கிடைத்தால் தாய்ப்பால் கொடுக்கிற தாயும் நிறுத்திவிடுவாள், மா முடிந்த பிறகு பால் திரும்புவது கடினம். தாயில்லாத பிள்ளை, தாய்ப்பால் கொடுக்க ஏலாத தாய் என்று யாரும் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் விடுங்கள், அவர் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒழுங்கு செய்வார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும்தான் அந்தச் சத்துமா. கொதித்து ஆறிய தண்ணீரில் குழைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போகலாமோ?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருபோதும் வேண்டாம். சமைத்த சோறு இளஞ்சூட்டில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் நஞ்சாகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரவு கட்டிய பார்சல் மலைக்கு மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேரும்.

சமைக்க வசதியில்லாத முகாம் என்றால் பொதுச் சமையலுக்குச் சாமானாகக் கொடுங்கள். நூறு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 15 கிலோ, பருப்பு 4 கிலோ என்று கணக்குப் போடலாம். அதோடு பெரிய கிடாரம் இரண்டு, அகப்பை, 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், தகரக் கொட்டகைக்குப் படங்கு. எங்கள் பக்கத்தில் சும்மா எரிக்கிற சிரட்டையை இரண்டு சாக்கு காய்ந்தபடி கட்டி அனுப்பினால் அங்கே அது பெரிய உதவி. நனைந்த விறகைப் பற்றவைக்க சிரட்டையையும் பன்னாடையையும் மிஞ்ச ஒன்றும் இல்லை.

வழியில் உடனே கொடுக்க விசுக்கோத்து, அவல், பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளலாம்.

கோயில் மண்டபத்தில பொதி கட்டுறம். கருவாட்டை என்ன செய்யிறது?

கருவாட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். கோயில் என்பதற்காக மட்டுமல்ல, அரிசிக்கும் மாவுக்கும் அந்த மணம் ஏறிவிடும் என்பதற்காகவும். அரைக் கிலோ நெத்தலியைத் தடித்த பொலித்தீனில் இரண்டு உறை போட்டுச் சூட்டில் ஒட்டி, தனிச் சாக்கில் ஏற்றி, பங்கிடும் இடத்தில் பொதியோடு சேர்த்துக் கொடுக்கலாம். குருநகரிலோ பருத்தித்துறையிலோ வாங்கும்போது கார்த்திகை, மார்கழி மாதமென்றால் கையில் உடைத்துப் பாருங்கள். வளைகிற நெத்தலி காயாதது, நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தது கிடைக்காவிட்டால் சோயாமீற்றைக் கூட்டுங்கள்.

பனங்கட்டி, ஒடியல் அனுப்பலாமோ?

பனங்கட்டி நல்லது. சீனிக்குப் பதிலாகவே வைக்கலாம். ஆனால் மலையின் ஈரக்காற்றில் இளகி ஒழுகும், குட்டானோடு பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒடியல்மாவைப் பிழிந்து கூழ் காய்ச்சும் பழக்கம் அங்கே இல்லை. தெரியாத உணவைத் துன்பத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கக்கூடாது.

பொதியை எப்பிடிக் கட்டுறது? போன முறை பாதிச் சாமான் நனைஞ்சு போச்சு.

நனைவதற்குக் காரணம் அனேகமாக லொறியின் கூரை இல்லை. இறக்கி வைக்கிற இடத்திலும் தோளில் போகிற நேரத்திலும்தான் நனையும். அதனால் ஒவ்வொரு பொதியும் தன்னந்தனியாக மழையில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்க வேண்டும்.

உள்ளே தடித்த பொலித்தீன் பை, வெளியே நெய்த பொலித்தீன் சாக்கு. உரப்பை வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். 17 கிலோவை ஒரே சாக்கில் கட்டாமல் இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ஒன்றில் அரிசி, மற்றதில் மாவும் மீதியும். ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கிலோ வரும். வலுவுள்ளவர் இரண்டையும் சேர்த்துத் தோளில் போடுவார். வயது போனவரோ பதின்ம வயதுப் பிள்ளையோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். சாக்கின் இரண்டு மூலையிலும் கைப்பிடி அளவு அரிசியை ஒதுக்கிக் கயிற்றால் கட்டினால் பிடிக்கக் காது கிடைக்கும். வாயை ஊசியும் நூலும் கொண்டு தையுங்கள், முடிச்சுப் போட்ட வாய் அவிழும்.

எண்ணெய்தான் அதிகம் தொல்லை தரும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாக் குளிரில் ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும், வெளியே வராது. அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் போத்தலில் வாங்குங்கள். மூடிக்குக் கீழே ஒரு பொலித்தீன் துண்டு வைத்து இறுக்கி, தனிப் பைக்குள் போடுங்கள். ஒரு போத்தல் ஒழுகினால் கீழே உள்ள இருபது பொதி மாவும் கெட்டுவிடும். கண்ணாடிப் போத்தல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சவர்க்காரம், நுளம்புத்திரி, மண்ணெண்ணெய் மூன்றையும் உணவுச் சாக்குக்குள் வைக்காதீர்கள். சவர்க்கார மணம் ஏறிய மாவில் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் துப்புவார்கள்.

மண்டபத்தில் கட்டுகிறவர்களை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். சாக்கு முதல் ஆளிடமிருந்து கடைசி ஆளுக்கு நகரட்டும், ஒவ்வொருவரும் ஒரு பொருளை மட்டும் வைக்கட்டும். கடைசியில் ஒரு தராசு. 300 கிராமுக்கு மேல் எடை குறைந்தால் ஏதோ ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது, பிரித்துப் பாருங்கள். அங்கே போய் அளந்து கொடுக்கலாம் என்று மூட்டையாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். மழையில் வரிசை நிற்கும்போது தராசும் சுண்டும் சண்டையைத்தான் கொண்டுவரும்.

அரிசியை இஞ்ச வேண்டுறதோ, அங்க வேண்டுறதோ?

பாதி வழியில். கிளிநொச்சி, வவுனியா ஆலைகளில் மொத்தமாக வாங்கினால் யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றுகிற கூலி மிஞ்சும், எங்கள் பக்கத்து விவசாயிக்கும் காசு போகும். மரக்கறி தேவையென்றால் தம்புள்ளைச் சந்தை பாதையிலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கும் பூசணியும் போதும், இலைக்கறி மேலே போவதற்குள் அழுகும். சின்னவெங்காயம் மட்டும் எங்கள் மண்ணுடையது, ஆனால் தாள் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

லொறி எப்ப வெளிக்கிட வேணும், எந்தப் பாதையால?

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர். பாரம் ஏற்றிய லொறிக்கு ஒன்பது பத்து மணித்தியாலம். இரவு எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் விடியும்போது மாத்தளை, கண்டிப் பக்கம் நிற்கும், மலை ஏறுவது முழுக்கப் பகலில் நடக்கும். கண்டியிலிருந்து கம்பளை, றம்பொடை ஊடாக நுவரெலியா ஏற இன்னும் மூன்று நாலு மணித்தியாலம். இருட்டிய பிறகு மலைப்பாதையில் ஓட வேண்டாம். முறிந்த விளிம்பும் புதிதாக விழுந்த கல்லும் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது.

எங்கள் மண் தட்டை. இங்கே இருபது வருடம் லொறி ஓட்டியவருக்கும் நீண்ட இறக்கம் பழக்கமில்லை. ஏறுகிற கியரிலேயே இறங்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். கண்டியிலோ கம்பளையிலோ மலைப்பாதை பழகிய ஒரு சாரதியை ஏற்றிக்கொள்ளுங்கள், அந்தக் கூலியில் சிக்கனம் பார்க்காதீர்கள். லொறியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைக்கு ஒரு பொதியும் கூடக்கூடாது. 300 பொதி என்றால் 5,100 கிலோ, அதற்கேற்ற வாகனம் பிடியுங்கள்.

கையில் இருக்க வேண்டிய கடிதங்கள்: உங்கள் பிரதேச செயலாளரின் கடிதம், பெறுகிற பிரதேச செயலகத்தின் ஒப்புதல், சாமான் பட்டியல். மூன்றுக்கும் சிங்களப் பிரதி வையுங்கள், சிங்களம் நன்றாகக் கதைக்கிற ஒருவரும் லொறியில் இருக்கட்டும்.

கடைசித் தூரத்துக்கு என்ன செய்யிறது? றோட்டே இல்லை எண்டினம்.

நேபாளத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்தது இதுதான். கோர்க்கா மாவட்டத்து மேல் ஊர்களுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் சரிவில் அறுந்தன. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி நடுங்கி, திறந்த பாதைகளும் மூடின. ஜூனில் பருவமழை தொடங்கவிருந்தது. உலக உணவுத் திட்டம் மலையேறிகளுக்குச் சுமை தூக்கிப் பழகியவர்களை ஆயிரக்கணக்கில் கூலிக்கு எடுத்து, கோவேறு கழுதைகளையும் சேர்த்து, முதலில் பாதையைத் திருத்தி, பிறகு உணவை ஏற்றியது. வேலை இழந்திருந்த அந்த மலைவாசிகளுக்கு அந்தக் கூலியே ஒரு நிவாரணமாகவும் இருந்தது.

மலையகத்துக்கும் அதே முறைதான். பெரிய லொறி நகரத்தோடு நிற்கட்டும். பாடசாலையோ மண்டபமோ, மேட்டில் இருக்கிற, கூரை ஒழுகாத ஒரு இடத்தை இடைக் களஞ்சியமாக்குங்கள். தரையில் பலகைத் தட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கு, ஒரு வரிசை நெடுக்கும் அடுத்த வரிசை குறுக்குமாக. வந்ததும் போனதும் ஒரு கொப்பியில் ஏறட்டும், திறப்பு ஒருவரிடமும் கொப்பி இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

அங்கிருந்து சிறிய பட்டா லொறி அல்லது தோட்டத்து டிரக்டர். அதுவும் நிற்கிற இடத்திலிருந்து தோள். ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கு ஒரு பொதி, 17 கிலோ. நாலு கிலோமீற்றர் சேற்றுப் பாதை ஏற இரண்டு மணித்தியாலம், இறங்க ஒன்று. ஓய்வோடு ஒரு நாளைக்கு இரண்டு நடைதான் நியாயம். 300 பொதிக்கு 150 ஆள்நாள், அதாவது 50 பேர் மூன்று நாள். யாழ்ப்பாணத்திலிருந்து போன பத்து இளைஞர்களால் இது முடியாது. இரண்டாம் நடையிலேயே முழங்கால் பிடிக்கும்.

ஆட்களை அந்த ஊரிலேயே எடுங்கள், தோட்டத்து நாட்சம்பளத்துக்குக் குறையாமல் அன்றன்றே கையில் கொடுங்கள். பெண்கள் கொழுந்துக்கூடை தூக்கிப் பழகியவர்கள்தானே என்று இலவசமாகத் தூக்கவிடுவது அநியாயம். சாமான் வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கூலிக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். பெரும்பாலான குழுக்கள் ஒதுக்குவதில்லை. அதனால்தான் பாதையோரத்து லயத்துக்கு மூன்று தரம் அரிசி போகிறது, மேல் டிவிசனுக்கு ஒரு தரமும் போவதில்லை. முதலில் மிக மேலே இருக்கிற லயத்துக்கு ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள்.

ஹெலியால அனுப்ப ஏலாதோ?

விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகொப்ரர் உள்ளே அதிகபட்சம் நாலு தொன் ஏற்றும். உயரத்தில் அதுவும் குறையும், முகில் மூடினால் பறக்காது. காயப்பட்டவர்களை எடுக்கவே அது போதாது. முற்றாக அறுந்த ஊர் இருந்தால் பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள், இடமிருந்தால் உங்கள் பொதியை அவர்கள் ஏற்றுவார்கள். எட்டுக் கிலோக் கட்டு அங்கேயும் கைகொடுக்கும்.

போற ஆக்களுக்கு ஆபத்து வராமல் என்ன பாக்க வேணும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் மக்களையே வெளியேற்றும் நேரம், நீங்கள் உள்ளே போகக்கூடாது. எச்சரிக்கை கையில் இல்லாவிட்டாலும் மழையைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இடத்தில் நின்று பார்க்க வேண்டியவை: நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோவது. கடைசியாகச் சொன்னது மிகக் கெட்ட அறிகுறி, தண்ணீர் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம். கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சரிவின் பக்கவாட்டாக ஓடுங்கள், கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெட்டிய மண்சுவருக்குக் கீழே வாகனம் நிறுத்த வேண்டாம். எங்கே நிறுத்தினாலும் வாகனத்தின் முகம் திரும்பிப் போகும் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். சரிந்த பகுதியைக் கடக்கும்போது ஒருவர் தூரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும்.

தண்ணிப் போத்தல் ஏத்தோணுமோ?

வாகனம் போகும் இடம் வரைக்கும், முதல் சில நாளுக்கு மட்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ, தோளில் தண்ணீர் ஏற்றுவது அரிசிக்கான நடையைத் தின்னும். மேலே தண்ணீர் இருக்கிறது, கலங்கித்தான் இருக்கும். தெளியவிட்டு, பருத்தித் துணியில் வடித்து, நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் நிற்கவிட்டால் போதும். 2,000 மீற்றருக்கு மேலென்றால் மூன்று நிமிடம். குளோரின் வில்லை இருந்தால் பொதிக்கு ஒரு அட்டை வையுங்கள், பைக்கற்றில் உள்ள அளவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

பங்கிடேக்க சண்டை வராமல் என்ன செய்யலாம்?

முதல் நாளே பெயர்ப்பட்டியலைப் பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையம்) சுவரிலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். விடுபட்டவர்கள் அன்றைக்கே வந்து சொல்லட்டும், அந்த 15 கூடுதல் பொதி அதற்குத்தான். மேல் லயத்துக்கு எட்டு மணி, கீழ் லயத்துக்குப் பத்து மணி என்று நேரம் பிரியுங்கள். எல்லாரையும் காலையிலேயே மழையில் நிறுத்தக்கூடாது. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், முதியவர், மாற்றுத்திறனாளி முதலில். ஏலாதவர்களின் பொதியைத் தூக்கிக் கொடுக்கும் ஆள் யார் என்பதும் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும்.

பொதி எல்லாருக்கும் ஒரே அளவு, ஏழு பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு மட்டும் இரண்டு. பக்கத்திலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் அதே மண்ணில் வீடிழந்தவர்கள், அதே பட்டியலில் அவர்களும் வரவேண்டும். கையெழுத்தோ பெருவிரலோ வாங்குங்கள். பொதியை அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தால் அது அடுப்புக்குப் போகும்.

படம் எடுத்துப் போடாட்டி காசு தந்தவை நம்பமாட்டினமே?

களஞ்சியத்துக் கொப்பி, கொள்வனவுப் பற்றுச்சீட்டு, அடுக்கிய பொதி, பாதை. இவற்றைப் படமெடுங்கள். கையேந்தி நிற்கும் முகத்தை எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே பாடசாலைக்குப் போக வேண்டும்.

கனடா, லண்டனில இருந்து கொண்டெய்னர் போடுறம் எண்டினம். என்ன சொல்லுறது?

காசாக அனுப்பச் சொல்லுங்கள். கப்பலும் சுங்கமும் முடிந்து அந்தக் கொள்கலன் வெளியே வர வாரங்கள் போகும், அந்த வாடகைக்கே இங்கே ஒரு லொறி அரிசி வாங்கலாம். மூன்றாம் கிழமைக்குப் பிறகு மலை நகரங்களில் கடை திறந்து விலையும் ஏறாமல் நின்றால், குடும்பங்களுக்கும் பொதியைவிடக் காசு நல்லது. அவர்களுக்கு வேண்டியது பள்ளிச் சப்பாத்தா, மருந்தா, பருப்பா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கடையில் சாமான் இல்லாத மேல் டிவிசனுக்கு மட்டும் பொதி தொடரட்டும்.

பழைய உடுப்பு?

வேண்டாம். கம்பளி புதிதாகத் தரமுடிந்தால் தாருங்கள், மார்கழியில் அங்கே இரவு குளிர் எலும்புக்குள் போகும்.

பாதை மூடி லொறி திரும்ப வேண்டி வந்தால் சாமானை என்ன செய்யிறது?

இந்த முடிவை யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஊர் ஒன்றின் தொடர்பும் பட்டியலும் கையில் இருக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் இடைக் களஞ்சியத்தில் இறக்கி, பிரதேச செயலகத்தில் எழுத்தில் ஒப்படைத்து, எந்த டிவிசனுக்கு எத்தனை பொதி என்று அந்தக் கடிதத்திலேயே குறியுங்கள். பொறுமையில்லாமல் பாதையோரத்தில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தால், மேலே காத்திருக்கும் குடும்பத்துக்கு அடுத்த லொறி எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கருவாடும் வெங்காயமும் மட்டும் நிற்காது, அவற்றை அன்றைக்கே பக்கத்து முகாமின் பொதுச் சமையலுக்குக் கொடுங்கள். அரிசி, மா, பருப்பு பலகைத் தட்டில் காய்ந்தபடி இருந்தால் இரண்டு கிழமை தாங்கும். பாதை திறந்தவுடன் தூக்குகிறவர்களை அழைக்க ஒருவர் அங்கேயே தங்க வேண்டும். அவருடைய தங்குமிடமும் சாப்பாடும் தொலைபேசிச் செலவும் தொடக்கத்திலேயே கணக்கில் இருக்கட்டும்.